மூன்று புள்ளி எட்டு வினாடி

எங்கள் அலுவலகத்தில்
ஆழத்தை மீட்டரில் சொல்வதில்லை.
கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சத்தம்
போய்த் திரும்ப எத்தனை வினாடி,
அதுதான் ஆழம்.
கடல் தரை இரண்டு வினாடி.
நான் தேடும் மணல்
மூன்று புள்ளி எட்டு.

தரமணி, ஆறாவது மாடி.
ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு
ஒரு கறுப்புக் கோட்டின் மேல்
மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன்,
பிப்ரவரியிலிருந்து.
கோடு ஒடிந்து கீழிறங்கினால் பிளவு.
மங்கிப்போனால் களிமண்ணாக இருக்கலாம்.
பளிச்சென்றிருந்தால்
உடனே யாரும் வாய் திறப்பதில்லை.
சர்க்கரை போடாத காபியோடு வந்து
பின்னால் நிற்கிறார்கள்.

செங்குத்தாகப் பார்த்தவரை
அது கலைந்த வரிகள், அவ்வளவுதான்.
ஒரு சாயங்காலம் கிடையாக வெட்டினேன்.
திரையில் ஆறு.
வளைந்து, திரும்பி,
சலித்துப்போய்த் தன் வளைவைத் தானே அறுத்துக்கொண்டு,
இரு பக்கமும் தானே கரை கட்டிக்கொண்டு
கடலுக்கு அடியில் ஓடிய ஆறு.
பெயர் வைக்க அன்று ஆளில்லை.
கடைசியில் அது கைவிட்ட இடத்தில்
மணல் விரிந்து கிடந்தது.
அறிக்கையில் விசிறி என்று எழுதினேன்.
எனக்கென்னவோ
சாக்கு கிழிந்து சிந்திய அரிசி போலிருந்தது.

மணல் எப்படிப் படியும் என்று
நான்கு வருடம் படித்திருக்கிறேன்.
பார்த்தது ஒரே ஒரு முறை,
ஜாபர்கான்பேட்டையில், வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்,
கீழ்வீட்டு எஸ்தரின் சமையலறையில்.

மண்வெட்டியால் ஒரு வெட்டு.
அடியில் பரல், உடைந்த வளையல்.
அதன்மேல் பெருமணல், பிறகு குறுமணல்,
பிறகு கன்னத்தில் பூசலாம் போல வண்டல்.
வேகமாக வந்த தண்ணீர்
முதலில் கனத்தைத்தான் இறக்கி வைக்கும்.
ஆனால் வண்டலுக்கு மேலே
மறுபடியும் பரல்.
"எஸ்தர், ராத்திரி தண்ணி ரெண்டு வாட்டி ஏறியிருக்கு"
என்றேன், கண்டுபிடித்த குரலில்.

"மூணே கால் மணிக்கு" என்றாள் எஸ்தர்.
"பரண்ல உக்காந்து
டார்ச் அடிச்சுப் பாத்துட்டிருந்தேன்.
இதையெல்லாம் மண்ணையா கேப்ப?
என்னைக் கேளு.
மொதல்ல அந்த சேத்தை அள்ளு."

கடலுக்கடியில் அந்த ஆறு சரிந்த இரவில்
பரணில் யாரும் இல்லை.
அதனால்தான் முப்பத்திரண்டு விழுக்காடு என்று எழுதுகிறோம்.
முப்பத்திரண்டு என்றால்
மூன்று கிணற்றில் இரண்டு பொய்க்கும் என்று
எழுதுவதில்லை.

நவம்பரில் துரப்பணக் கப்பலிலிருந்து
ரொசாரியோ பேசினான்.
காற்றில் பாதி வார்த்தை அடித்துப்போயிற்று.
மணல் நீ சொன்ன இடத்துலதான்.
பதினோரு மீட்டர் பிசகு, அது ஒண்ணுமில்ல.
கனம் சரி. துகள் சரி.
உள்ள உப்புத்தண்ணி.

கூடவே ஒரு சிட்டிகை வாயு.
அந்தச் சிட்டிகை போதும்,
திரையில் நிரம்பிய தொட்டி போல மினுங்க.
தெரியும். படித்திருக்கிறேன்.
முதல் பக்கத்தில் எச்சரித்தும் இருக்கிறேன்.
யாரும் திட்டவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்:
"அப்போ நீங்க காமிச்ச அந்த ஆறு?"
"இருக்கு சார்."
சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.
அட்டவணையில் எண்ணெய் என்ற கட்டத்தில்
சுழியம் போட்டேன், வாயுவுக்கும்.
ஆறு என்று கட்டம் இல்லை.

சைதாப்பேட்டைப் பாலத்தில் பேருந்து நின்றபோது
ஜன்னல் வழியே கீழே பார்த்தேன்.
இருட்டு. நாற்றம். ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.
எஸ்தரின் சுவரில்
மூன்று முறை வெள்ளையடித்த பிறகும்
அந்தக் கோடு மேலே வருகிறது.

காலையில் அடுத்த வரி,
இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.
மஞ்சளை எடுத்தேன்.